காடு திருத்திய கையும் பட்டா பெற்ற கையும்

காடு திருத்திக் கழனி கண்டனர் என்று புகழ்வது எளிது. யாருடைய காடு? யாருடைய கை? யார் பெயரில் பட்டா? இம்மூன்றையும் கேட்டுப் படிப்போர் எத்தனை பேர்? கும்மிடிப்பூண்டியில் ஆசிரியப் பணி புரியும் நாம் அடுத்தடுத்துப் படித்த இரு நூல்கள் இக்கேள்விகளை எழுப்பின.

முதல் நூல், அமெரிக்க எழுத்தாளர் லாரா இங்கல்ஸ் வைல்டர் 1935-இல் வெளியிட்ட ‘புல்வெளியில் சிறு வீடு’. கூண்டு வண்டியேறிக் கான்சஸ் சமவெளிக்குச் செல்கிறது ஒரு குடும்பம். தந்தை மரம் வெட்டி வீடு கட்டுகிறார். மலேரியா கண்டு வீடே படுக்கையில் விழுகிறது. படிப்போர் நெஞ்சம் நெகிழும். எனினும் அம்மண் ஓசேஜ் பழங்குடியினருடையது. நூலின் முதற்பதிப்போ, அங்கு வாழ்ந்த அவர்களை மனிதர் கணக்கிலேயே சேர்க்கவில்லை! வாசகர் ஒருவர் கண்டித்த பின்னரே, 1953-ஆம் ஆண்டுப் பதிப்பில் ‘மனிதர்’ என்ற சொல் ‘குடியேறியோர்’ என மாற்றப்பட்டது. ஒரு சொல்தான், ஓர் இனத்தையே மறைக்க அது போதுமானதாயிருந்தது.

மற்றொன்று, ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராயிருந்த பி. எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதி 1969-இல் வெளிவந்த புதினம், இரா. முருகவேள் அதனை ‘எரியும் பனிக்காடு’ எனத் தமிழாக்கினார். வறுமை விரட்ட, மேஸ்திரியின் முன்பணம் இழுக்க, நெல்லைச் சீமையின் கருப்பனும் வள்ளியும் மலையேறுகின்றனர். அங்கும் காடு, அங்கும் உழைப்பு, அங்கும் அதே மலேரியா!

முடிவு மட்டும் ஒன்றா? அமெரிக்காவில் 1862-ஆம் ஆண்டுச் சட்டம், ஐந்தாண்டு தங்கி உழுதவருக்கு 160 ஏக்கர் அளித்தது. இங்கல்ஸ் குடும்பமும் பின்னாளில் டகோட்டாவில் அவ்வாறு நிலம் பெற்றது. கருப்பனுக்கோ கடன் கணக்கு! வெட்டியவன் அவன், நட்டவன் அவன், நிலமோ கம்பெனியுடையது. முன்பே அம்மலையில் வாழ்ந்த காடருக்கும் அது உரிமையாகவில்லை.

டேனியலின் நூலில் குறையே இல்லையா? உண்டு. பிற்பகுதியில் கதை மருத்துவர் ஆபிரகாமின் பக்கம் சாய்கிறது. உழைப்பவரின் குரல் தாழ்ந்து, இரங்குபவரின் குரல் ஓங்குகிறது. ஆயினும் வைல்டரின் நூல் துணிவைப் பாடி உரிமையை மறந்தது. இந்நூல் உரிமை பறிபோனதைக் கணக்கிட்டுக் காட்டியது. அதனாலேயே இதனை உயர்ந்த நூல் என்கிறோம்.

இவையெல்லாம் பழங்கதைகளா, தோழர்களே? நம் ஊரின் உருக்காலைகளில் உழைக்கப் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் குடும்பங்கள் வருகின்றன. இவ்வட்டாரத்தின் பழங்குடியினரான இருளரோ வீட்டுமனைப் பட்டாவுக்கு மனுவோடு அலைகின்றனர். இரு சாராரின் பிள்ளைகளும் நம் வகுப்பில் ஒரே பலகையில் அமர்கின்றனர். அவர்களிடம் எந்த நூலைத் தருவோம்? இரண்டையும் தருவோம். ஆனால், வண்டி எங்கே போயிற்று என்பதோடு, பட்டா எவர் கைக்குப் போயிற்று என்று கேட்கவும் கற்பித்துத் தருவோம்!