ஆயிரம் கெஜமும் ஐந்நூறு டாலர் கண்ணாடியும்

500 டாலர் துப்பாக்கி ஸ்கோப் ஒன்றையும் 3,500 டாலர் ஸ்கோப் ஒன்றையும் அருகருகே வைத்து, 100 கெஜத்தில் நிற்கும் இலக்கு அட்டையைப் பாருங்கள். பெரிய வித்தியாசம் தெரியாது. அதே அட்டையை 1000 கெஜத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தி, வெயில் ஏறிய பிறகு பாருங்கள். அப்போதும் தெரியாது. முதல் தடவை பரீட்சை சுலபம், இரண்டும் பாஸ். இரண்டாவது தடவை தரையிலிருந்து எழுந்த கானல் இரண்டையும் ஒரே மாதிரி கலங்கடித்துவிட்டது. மீதி 3,000 டாலர் இதற்கு நடுவில் எங்கே ஒளிந்திருக்கிறது, போட்டிக்குப் போகிறவருக்கு அது தேவைதானா என்பதே இந்த வாரக் கேள்வி.

ரைஃபிள் என்றதும் நம் வாசகர்களுக்கு அபினவ் பிந்த்ராவும் ககன் நரங்கும் கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவனும் நினைவுக்கு வருவார்கள். அவர்கள் பேர் வாங்கிய 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் ஸ்கோப் பொருத்தவே கூடாது. ஸ்கோப் கோலோச்சும் ஆட்டங்கள் வேறு. ஒன்று, எஃப்-கிளாஸ். பார்வை மங்கத் தொடங்கிய மூத்த வீரர்களும் தொடர்ந்து ஆடட்டும் என்று கனடாவின் ஜார்ஜ் ஃபார்குஹார்சன் தொடங்கிவைத்தது; பெயரில் உள்ள ‘எஃப்’ அவருடைய குடும்பப் பெயரின் முதலெழுத்து. குப்புறப் படுத்து, துப்பாக்கியைத் தாங்கியில் கிடத்தி, 1000 கெஜம் வரை சுட வேண்டும். அந்தத் தூரத்தில் பத்துப் புள்ளி வளையத்தின் விட்டம் சுமார் 10 அங்குலம். அதற்குள்ளே இருக்கும் எக்ஸ் வளையம் 5 அங்குலம். புள்ளிகள் சமமானால் வெற்றியைத் தீர்மானிப்பது அதுதான். மற்றொன்று, அமெரிக்காவில் 2012-ல் தொடங்கிய பி.ஆர்.எஸ். தொடர். மரத்தடுப்பு, கூரை, டயர் என்று கொடுத்த இடத்தில் துப்பாக்கியை ஊன்றி, ஒன்றரை இரண்டு நிமிடத்துக்குள் வெவ்வேறு தூரங்களில் தொங்கும் இரும்புத் தகடுகளை அடிக்க வேண்டும்.

இரண்டுக்கும் ஒரே ஸ்கோப்பை விற்கிறார்கள். ஆனால் இரண்டு ஆட்டமும் கண்ணாடியிடம் கேட்பது வேறு வேறு. மலிவு ஸ்கோப்பை எடைபோடும்போது பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

“1000 கெஜத்தில் தோட்டா ஓட்டை தெரியுமா?” என்பது கடையில் கேட்கப்படும் முதல் கேள்வி. எஃப்-கிளாஸில் அது தேவையே இல்லை. சுட்ட பிறகு அட்டையைக் குழிக்குள் இறக்கி, ஓட்டையில் நிற வில்லையைச் செருகி, புள்ளியையும் காட்டி மேலே ஏற்றுவார்கள். மின்னணு இலக்கு உள்ள மைதானங்களில் பக்கத்துத் திரையிலேயே தெரிந்துவிடும். போகட்டும், தெரிய வாய்ப்பாவது உண்டா? 56 மி.மீ. முன் லென்ஸ் குறையே இல்லாமல் செய்யப்பட்டிருந்தாலும், ஒளியின் விளிம்பு விளைவு காரணமாக அது பிரித்துக் காட்டக்கூடிய மிகச் சிறிய கோணம் சுமார் 2 வில்விநாடி. 1000 கெஜத்தில் அது ஏறத்தாழ 9 மி.மீ. .308 தோட்டாவின் விட்டமே 7.8 மி.மீ.தான். வெள்ளைத் தாளில் தனியாக விழுந்த ஓட்டை, காற்று அசையாத விடியற்காலையில் ஒரு புள்ளியாகத் தென்படலாம். ஒட்டி விழுந்த இரண்டை இரண்டு என்று சொல்ல எந்த விலை ஸ்கோப்பாலும் முடியாது.

இதே கணக்கிலிருந்து இன்னொன்றும் கிடைக்கிறது. நம் கண் பிரித்தறிவது சுமார் 60 வில்விநாடி. லென்ஸ் தரும் 2 வில்விநாடி நுணுக்கத்தைக் கண்ணுக்கு எட்டும் அளவுக்குப் பெரிதாக்க 25 முதல் 30 மடங்கு போதும். அதற்கு மேல் பெரிதாக்குவது, போனில் போட்டோவை விரலால் விரித்துக்கொண்டே போவது மாதிரி: படம் வளரும், விவரம் வளராது. அப்படியானால் எஃப்-கிளாஸ்காரர்கள் ஏன் நைட்ஃபோர்ஸ் 15-55x52, மார்ச் 10-60x52 என்று தேடிப் போகிறார்கள்? புது விவரத்துக்காக அல்ல. வளையம் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிந்தால் குறியை அதன் நடுவில் நிறுத்துவது எளிது. கானல் கொதிக்கும்போது அவர்களும் மடங்கைக் குறைத்துவிடுகிறார்கள்.

மலிவு வகுப்பின் சிக்கல் இதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. 500 முதல் 1,000 டாலருக்குள் ஆர்க்கன் இ.பி.5, ஏத்லான் ஆரெஸ், வோர்டெக்ஸ் வைப்பர் பி.எஸ்.டி. ஜென் 2 ஆகிய பெயர்கள் அடிக்கடி காதில் விழும். பெரும்பாலும் 5-25 மடங்கு அல்லது அதை ஒட்டியவை. ஸ்கோப்பின் மடங்கு வளையத்தில் 25 என்று பொறித்திருக்கிறதே தவிர, 25-லும் லென்ஸ் விவரம் தருகிறதா என்பதை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். வழி சுலபம். அமெரிக்க விமானப்படையின் 1951-ஆம் ஆண்டு சோதனை அட்டை என்று ஒன்று உண்டு. மூன்று மூன்று கோடுகளாக, ஒவ்வொரு படியும் முந்தையதைவிட 12 சதவீதம் நுணுக்கமாகச் சிறுத்துக்கொண்டே போகும். அதை நல்ல தாளில் அச்சிட்டு, மேகமூட்டமான காலையில் 100 கெஜத்தில் ஒட்டுங்கள். 10, 15, 20, 25 என்று மடங்கைக் கூட்டிக்கொண்டே போய், ஒவ்வொன்றிலும் எந்தப் படிவரை கோடுகள் தனித்தனியாகத் தெரிகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். நல்ல கண்ணாடி கடைசிவரை படி இறங்கிக்கொண்டே போகும். சுமாரானது 18-லோ 20-லோ நின்றுவிடும். அதற்கு மேல் கோடுகள் தடிமனாகுமே தவிரப் பிரியாது. அந்த நிற்கும் இடம்தான் அந்த ஸ்கோப்பின் உண்மையான உச்சம். பெட்டியில் அச்சிட்ட எண்ணை மறந்துவிட்டு இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. கண்ணில் சந்தேகம் இருந்தால், ஸ்கோப்பின் பின்னால் ஒரு சின்ன ஒற்றைக்கண் தொலைநோக்கியை வைத்துப் பாருங்கள். பிம்பம் இன்னும் சில மடங்கு பெரிதாவதால், குறை கண்ணிலா கண்ணாடியிலா என்று தெரிந்துவிடும்.

சோதனைக்கு முன் ஒரு வேலை இருக்கிறது. வெறும் வானத்தை நோக்கி ஸ்கோப்பைப் பிடித்து, குறுக்குக்கோடு முதல் பார்வையிலேயே கூர்மையாகத் தெரியும்வரை கண் பக்கத்து வளையத்தைத் திருகிச் சரிசெய்ய வேண்டும். பலர் இதைச் செய்வதில்லை. செய்யாமலே பக்கவாட்டுக் குமிழைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு “கண்ணாடி மோசம்” என்று ஸ்கோப்பைத் திருப்பி அனுப்புகிறார்கள். அந்தக் குமிழ் இரண்டு வேலை பார்க்க வேண்டும்: பிம்பத்தைக் கூர்மையாக்க வேண்டும், இடமாறு தோற்றப்பிழையையும் நீக்க வேண்டும். துப்பாக்கியை அசையாமல் கிடத்தி, தலையை மட்டும் மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். குறுக்குக்கோடு இலக்கின் மேல் நகர்ந்தால் பிழை இன்னும் போகவில்லை. மலிவு ஸ்கோப்களில் சில சமயம் பிம்பம் கூர்மையாகும் இடம் ஒன்றாகவும் பிழை நீங்கும் இடம் வேறாகவும் இருக்கும். விளிம்பில் தெரியும் ஊதா நிறத்தைப் பற்றி ஆயிரம் பேர் பேசுகிறார்கள். புள்ளியைக் கரைக்கும் இந்தக் குறையைப் பற்றிப் பேசுவோர் குறைவு.

ஊதா என்றதால் அதையும் சொல்லிவிடுகிறேன். வானத்தின் பின்னணியில் வெள்ளைத் தகடு தொங்கினால் ஓரத்தில் ஊதாவோ பச்சையோ கசிவது நிறப்பிறழ்ச்சி. கண் நடுவில் இல்லாவிட்டாலும் அது வரும், ஆகவே தலையைச் சரியாக வைத்த பிறகே குறை சொல்லுங்கள். நடுப்பகுதியில் கசிந்தால் பிம்பத்தின் அழுத்தம் குறையும், அவ்வளவுதான். பெட்டியில் நிறப்பிறழ்ச்சியைக் குறைக்கும் ‘ஈ.டி. கண்ணாடி’ என்று போட்டிருப்பார்கள். எந்த லென்ஸில், எந்தத் தரத்தில் என்று போட்டிருக்க மாட்டார்கள். பிம்பத்தின் ஓரம் மங்கலாக இருப்பதும் எனக்குப் பெரிய குற்றமில்லை. குறிபார்ப்பது நடுவில்.

பொருட்படுத்த வேண்டியது வேறொன்று: எதிர்வெயில். பூச்சில்லாத லென்ஸில் ஒவ்வொரு பரப்பும் சுமார் 4 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். அப்படி 20 பரப்புகள் இருந்தால் கண்ணுக்கு வந்து சேருவது 44 சதவீதம்தான். 1935-ல் ஸைஸ் நிறுவனத்தில் ஸ்மாகுலா கண்டுபிடித்த பூச்சு அந்தக் கதையை மாற்றியது. இன்று 300 டாலர் ஸ்கோப்பிலும் பல அடுக்குப் பூச்சு உண்டு. அதனால் 90 சதவீதமா 95 சதவீதமா என்ற விளம்பரச் சண்டையை விட்டுத் தள்ளலாம். பகல் போட்டியில் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது. மலிவு வகுப்பில் காசு மிச்சம் பிடிப்பது குழாயின் உட்புறத்தில். உள்சுவரின் கறுப்புப் பூச்சும் தடுப்பு வளையங்களும் சரியில்லை என்றால், சூரியன் தாழ்ந்திருக்கும் நேரத்தில் பிம்பத்தின் மேல் பால் தெளித்த மாதிரி வெளுப்பு படரும். சூரியனுக்கு நேராக ஸ்கோப்பை ஒருபோதும் திருப்பாதீர்கள். அதற்குக் கொஞ்சம் ஒதுங்கிய திசையில் மரநிழலைப் பார்த்தால் போதும்: நிழல் கறுப்பாக இருக்கிறதா, சாம்பலாக இருக்கிறதா? 3,000 டாலரில் கணிசமான பங்கு இங்கே இருக்கிறது.

34 மி.மீ. குழாய் அதிக வெளிச்சம் தரும் என்பவர்களும் உண்டு. தராது. ஏற்ற இறக்கத் திருகுக்கு உள்ளே கூடுதல் இடம் கிடைக்கும்.

கானலுக்கு வருவோம். “எங்கள் ஸ்கோப் கானலை வெல்லும்” என்ற வாசகம் எங்காவது கண்ணில் பட்டால் சிரித்துவிட்டு நகருங்கள். காற்றில் வளைந்து வந்த ஒளியை லென்ஸ் நிமிர்த்த முடியாது. தவிர, எஃப்-கிளாஸ் வீரருக்குக் கானல் முழு எதிரியும் அல்ல. குமிழைச் சற்றே கிட்டத்துக்குத் திருப்பினால் நடுவழியில் கானல் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரியும், அதுதான் காற்றின் வாசிப்பு. ஓடாமல் நேராகக் கொதித்தால் காற்று நின்றுவிட்டது, அல்லது சுடும் திசையிலேயே வீசுகிறது. இந்த அலைகளைத் தெளிவாகக் காட்டும் கண்ணாடிதான் நல்ல கண்ணாடி. “புது ஸ்கோப்பில் கானல் அதிகம்” என்று புலம்புகிறவர் பல சமயம் முன்னைவிட நல்ல ஸ்கோப்பைத்தான் வாங்கியிருக்கிறார்.

பி.ஆர்.எஸ். வீரரின் தேவை இதற்கு நேர்மாறு. தோட்டா காற்றில் இழுத்துச் செல்லும் அலையையும், தவறினால் மண் எங்கே தெறித்தது என்பதையும் அவரே பார்த்து, அடுத்த குண்டுக்குள் திருத்திக்கொள்ள வேண்டும். அதற்கு அகன்ற காட்சி வேண்டும். பெரும்பாலும் 12 முதல் 18 மடங்கில்தான் சுடுகிறார்கள். 56 மி.மீ. லென்ஸில் 15 மடங்கு வைத்தால் கண்ணுக்கு வரும் ஒளிவட்டம் 3.7 மி.மீ.; 25 வைத்தால் 2.2 மி.மீ. டயர் மேல் கோணலாகச் சாய்ந்து சுடுகிறவருக்கு அந்த ஒன்றரை மில்லிமீட்டர் பெரிய சலுகை. மலிவு ஸ்கோப்பின் கண்ணாடி தலைகுனியாத எல்லையும் இந்த 12 முதல் 18 மடங்குதான்.

ஆனால் திருகு? தகடுக்குத் தகடு ஏற்றி இறக்க வேண்டியவர் அவர்தான். .308 தோட்டாவுக்கு 1000 கெஜத்தில் ஏறத்தாழ 10 மீட்டர் ஏற்ற வேண்டும். திருகு 2 சதவீதம் பொய் சொன்னால் 20 செ.மீ. போச்சு. எஃப்-கிளாஸ்காரர் புள்ளிக் கணக்கில் சேராத சைட்டர் குண்டுகளில் அதைத் திருத்திக்கொள்வார், அந்தத் தூரம் முடியும்வரை திருகை அதிகம் தொடவும் மாட்டார். பி.ஆர்.எஸ்.ஸில் அந்த வசதி கிடையாது. ஆக, கண்ணாடி சோதிக்கப்படும் ஆட்டத்தில் திருகு தப்பிக்கிறது. திருகு சோதிக்கப்படும் ஆட்டத்தில் கண்ணாடி தப்பிக்கிறது. விலை குறைத்துச் செய்யப்பட்ட ஒரு ஸ்கோப்பை எதை வைத்து நல்லது கெட்டது என்பது, எந்த வரிசையில் போய் நிற்கப்போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. சோதிப்பது கடினமல்ல: 100 மீட்டரில் தூக்குக்குண்டு வைத்து நேர்கோடு போட்டு, திருகை 10 மில் (மில்லிரேடியன்) ஏற்றினால் குறி சரியாக 1 மீட்டர் நகர வேண்டும், திருப்பினால் பழைய இடத்துக்கே வர வேண்டும்.

கண்ணாடியே எல்லாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு பழைய ஸ்கோர். 1874-ல் நியூயார்க்கின் க்ரீட்மூரில் அமெரிக்காவும் அயர்லாந்தும் 800, 900, 1000 கெஜங்களில் மோதின. ஸ்கோப் எதுவும் இல்லை. அமெரிக்கா 934, அயர்லாந்து 931. அயர்லாந்து வீரர் ஒருவர் நடுப்புள்ளியை அழகாக அடித்தார், பக்கத்து இலக்கில். இங்கிலாந்தின் பிஸ்லியில் கிங்ஸ் பிரைஸ் இறுதிச்சுற்றை இன்றும் 900, 1000 கெஜங்களில் ஸ்கோப் இல்லாமலே சுடுகிறார்கள்.

என் தீர்ப்பு இது. பி.ஆர்.எஸ். பக்கம் போகிறவர் 500 முதல் 1,000 டாலர் வகுப்பைத் தயங்காமல் வாங்கலாம். திருகை முதலில் சோதியுங்கள், கண்ணாடியை 15 மடங்கில் மட்டும் பாருங்கள். 600 கெஜம் வரை எஃப்-கிளாஸ் ஆடுகிறவருக்கும் அதே வகுப்பு போதும். 1000 கெஜத்தில் எக்ஸ் எண்ண நினைக்கும், எஃப்-கிளாஸின் ஒரு பிரிவான எஃப்-டி.ஆர். வீரர் கொஞ்சம் பொறுத்துக் காசு சேர்க்கட்டும். 20 மடங்கில் விவரம் நின்றுபோகும் கண்ணாடி அவருக்கு உதவாது. தவிர, இந்த வகுப்பின் 56 மி.மீ. ஸ்கோப்களில் சில ஒரு கிலோவைத் தாண்டுகின்றன; அவருடைய துப்பாக்கி ஸ்கோப்பையும் தாங்குகாலையும் சேர்த்து 8.25 கிலோவுக்குள் நிற்க வேண்டும். யாராக இருந்தாலும், திருப்பி எடுத்துக்கொள்ளும் கடையில் வாங்குங்கள். இந்த விலையில் ஒரே மாடலிலும் ஒன்று போல் ஒன்று இருப்பதில்லை. நண்பரின் ஸ்கோப்பில் அட்டை தெளிவாகத் தெரிந்தது என்பதற்காக உங்கள் பெட்டியில் இருப்பதைச் சோதிக்காமல் விடாதீர்கள்.