மலையைப் பார்க்கிறவர்களும் மலையைக் கேட்டவர்களும்

1

வெள்ளிக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு மேல் கேளம்பாக்கம் சந்திப்பில் நின்று பார்த்தால் வேன்கள் வரிசையாகக் கிளம்பும். பழைய மாமல்லபுரம் சாலைக் கம்பெனிகளில் வேலை பார்க்கிற பிள்ளைகள். ஏலகிரி, ஏற்காடு, கொல்லிமலை, ஜவ்வாது மலை. திங்கட்கிழமை காலையில் மறுபடி நாற்காலியில் இருப்பார்கள். அவர்களைக் கேலி செய்வதற்காக இதை எழுதவில்லை. ஐந்து நாள் கண்ணாடிக் கூண்டுக்குள் கிடந்தவர்கள் இரண்டு நாள் மூச்சு விடப் போவதில் என்ன தப்பு? என் பிரச்சினை வேறு. போய் வந்தபின் எழுதப்படுகிற பிரதிதான் பிரச்சினை. அதை எழுதுபவர்களில் சிறுபத்திரிகைக்காரர்களாகிய நாமும் உண்டு.

அந்தப் பிரதியின் இலக்கணம் மனப்பாடம். கொண்டை ஊசி வளைவு, மூடுபனி, செல்போன் அடங்கிப்போகும் கணம், மண் அடுப்பில் டீ, 'வெள்ளந்தி'யான மனிதர்கள், ஒரு கிழவியின் பொக்கைவாய்ச் சிரிப்பு, 'நகரம் இன்னும் தீண்டாத' என்கிற சொற்றொடர், இறங்கும்போது ஒரு பெருமூச்சு. கொல்லிமலை என்று இருக்கிற இடத்தில் கல்வராயன் மலை என்று போட்டுப் பாருங்கள், கட்டுரைக்கு ஒரு சேதமும் வராது. அப்படியானால் அது எந்த மலையைப் பற்றியது? எழுதியவரின் களைப்பைப் பற்றியது, அவ்வளவுதான்.

இதில் ஒரு தந்திரம் இருக்கிறது. இடத்தின் தூரம் காலத்தின் தூரமாக மாற்றப்படுகிறது. அறுபது கிலோமீட்டர் மேலே ஏறினால் அறுபது வருஷம் பின்னால் போய்விட்டதாக எழுதுகிறோம். மானிடவியல் தன் ஆய்வுப் பொருளான மனிதர்களைத் தன் காலத்துக்கு வெளியே தள்ளி வைத்துத்தான் பேசியது என்று ஜோஹன்னஸ் ஃபேபியன் 1983இல் ஒரு புத்தகமே எழுதினார். நம்முடைய பயணக் கட்டுரை அதே வேலையைக் கூலியில்லாமல் செய்கிறது. மலைக்காரர் நம்மோடு ஒரே காலத்தில், ஒரே அரசாங்கத்தின் கீழ், ஒரே விலைவாசியில் இருக்கிறார் என்பது மறைந்துபோகிறது.

2

இந்தப் பார்வை எங்கிருந்து வந்தது? கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819இல் நீலகிரி ஏறினார். 1820களில் உதகையில் வீடும் ஏரியும் வந்தன. பின்னாளில் சென்னை அரசாங்கமே கோடைக்கு அங்கே குடிபெயர்ந்தது. 1908இல் மலை ரயில் உதகையைத் தொட்டது. மலை என்பது சமவெளியின் வெக்கைக்கு மருந்து என்கிற அர்த்தம் இப்படித்தான் கட்டப்பட்டது. தோடரும் கோத்தரும் குறும்பரும் காட்சியின் பகுதியானார்கள். துரை போய்விட்டான், துரையின் நாற்காலி வராந்தாவில் அப்படியே கிடக்கிறது. மாதத் தவணையில் கார் வாங்கிய நாம் ஏறி உட்கார்ந்துகொள்கிறோம்.

எல்லாவற்றையும் வெள்ளைக்காரன் தலையில் கட்டிவிட்டுத் தப்பிக்கவும் முடியாது. தமிழ் எம்.ஏ. படித்த என்னைப் போன்றவர்களுக்கும் பங்கு இருக்கிறது. குறிஞ்சி என்றால் மலையும் மலை சார்ந்த இடமும், உரிப்பொருள் புணர்தல் என்று எழுதி மதிப்பெண் வாங்கியவர்கள் நாம். மலை என்றதும் நமக்கு யாமமும் கூதிரும் தோன்றுகின்றன, அங்கே ரேஷன் கடை இருக்கிறதா என்று தோன்றுவதில்லை. ஏலகிரிப் பாதையின் பதினான்கு வளைவுகளுக்கும் புலவர்கள், வள்ளல்கள் பெயரை வைத்திருக்கிறார்கள். வண்டிகள் ஹாரன் அடித்தபடி இலக்கியத்தில் திரும்புகின்றன.

3

நம்மிடம் வேறொரு பிரதியும் இருக்கிறது. பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம், 583 அடி. பெருங்கௌசிகனார் பாடியது. செங்கண்மாத்து நன்னனைப் பார்த்துத் திரும்புகிற கூத்தன், எதிரே வருகிற கூத்தர்களுக்கு வழி சொல்கிறான். செங்கண்மா என்பது இன்றைய செங்கம். கேளம்பாக்கத்து வேன்கள் ஜவ்வாது மலைக்குப் போகிற அதே வட்டாரம்.

அந்த வழிகாட்டலில் 'காட்சி முனை' கிடையாது. பன்றிக்கு வைத்த பொறியில் கால் வைத்துவிடாதே, தினைப்புனம் காக்கிறவர்கள் யானைமேல் எறியும் கவண்கல் உன்மேல் பட்டுவிடும், பாசி படிந்த இடத்தில் கொடியைப் பிடித்து இறங்கு, நடுகல்லைக் கண்டால் வணங்கிவிட்டுப் போ என்றெல்லாம் சொல்கிறான். அங்கே பயணிதான் பலவீனன். பசி அவனுக்கு, சோறு மலைக்காரரிடம். வழி தெரியாதவன் அவன், தெரிந்தவர் அவர்.

இன்னொன்று, அந்தக் கூத்தன் மலையைக் கேட்கிறான். நூலின் பெயரே ஒலியிலிருந்து வந்தது. அருவி ஒலி, விலங்கின் ஒலி, உழைப்பின் ஒலி என்று அடுக்கிக்கொண்டு போகிறவன், புலி பாய்ந்து புண்பட்ட கணவனின் பக்கத்தில் அது ஆறவேண்டுமென்று ஒரு பெண் பாடுகிற பாட்டையும் கேட்கிறான். மலையின் அழகொலியோடு மலையின் காயமும் அவன் காதில் விழுகிறது.

உடனே 'பண்டைத் தமிழன் பார்வையே உன்னதம்' என்று மேடை போட வேண்டாம். அதுவும் ஒரு மன்னனைப் புகழ்கிற பிரதிதான். மலைக்காரரின் விருந்து அங்கே நன்னன் நாட்டின் வளத்துக்குச் சாட்சியாகப் பயன்படுகிறது. ஆனாலும் வருகிறவன் கடன்பட்டவன் என்கிற உணர்வு அதில் இருக்கிறது. நம்மிடம் அது இல்லை. காசு கொடுத்துவிட்டோம், கணக்கு தீர்ந்தது.

4

நானும் போனேன். ஜமுனாமரத்தூரிலிருந்து உள்ளே தள்ளி ஒரு ஊர். சாமை புடைத்துக்கொண்டிருந்த ஒரு மூதாட்டியிடம், மனசுக்குள் கட்டுரையின் முதல் வரியை ஓட்டியபடி, "நீங்க எல்லாம் ஆதிகாலத்துலேர்ந்து இங்கயே இருக்கீங்களா, பாட்டி?" என்று கேட்டேன்.

"இல்ல தம்பி. எங்க முன்னோருங்க காஞ்சிவரத்துலேர்ந்து வந்தவங்க. நீ எந்த ஊரு?"

"கேளம்பாக்கம். முன்னே காஞ்சிபுரம் ஜில்லா. 2019லேர்ந்து செங்கல்பட்டு."

"அப்ப நம்ம ஊருதான்" என்றார். "பேரன் அங்கதான் கட்டட வேலைக்குப் போனான். பதினாறு மாடின்னான். நீ அதுலதான் குடியிருக்கியா?"

என் கட்டுரை அங்கேயே செத்துப்போனது. மலையாளிப் பழங்குடிகளின் மரபுக் கதை அவர்களைக் காஞ்சியிலிருந்து ஏறி வந்தவர்கள் என்கிறது. அது வரலாறா தொன்மமா என்பது இருக்கட்டும். 'ஆதி' என்று நான் ஒட்ட வந்த சீட்டை அவர் வாங்கிக்கொள்ளவில்லை. என் நகரத்தை அவர் பேரன் கட்டியிருக்கிறான், நான் அவர் மலையைப் 'பதிவு' செய்ய வந்திருக்கிறேன். எங்கள் இருவரில் யார் யாரைக் கண்டுபிடித்தது?

'சாலைகூட இல்லாத அழகிய கிராமம்' என்று எழுதுகிறோமே, 2023 மே மாதம் வேலூர் மாவட்டத்து அல்லேரி மலையில் பாம்பு கடித்து ஒன்றரை வயதுக் குழந்தை இறந்தது. சாலை இல்லாததால் ஆம்புலன்ஸ் பாதியில் நின்றுவிட, பெற்றவள் அந்தச் சடலத்தைச் சுமந்து நடந்தாள். நம்முடைய பெயரடை அவளுக்கு மரண காரணம்.

மலைக்காரர்களும் பயணம் போகிறார்கள். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீஸ் சுட்டுக் கொன்ற இருபது தமிழ்க் கூலிகளில் பலர் ஜவ்வாது, சித்தேரி மலைப் பகுதிகளைச் சேர்ந்தவர்கள். சித்தேரி அடிவாரத்து வாச்சாத்தியில் 1992 ஜூன் 20 அன்று நடந்ததற்கு 2011இல் தீர்ப்பு வந்தது, 2023இல்தான் உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது. நம் பயணம் 'அனுபவம்' ஆகிறது, அவர்கள் பயணம் வழக்குக் கட்டு ஆகிறது. இந்தப் பிரிவினையைக் கேள்வி கேட்காத பயண இலக்கியம் சுற்றுலாத் துறைப் பிரசுரத்துக்கு மேல் ஒரு படிகூட உயரமில்லை.

5

எழுதவே கூடாதா என்றால், அப்படியில்லை. ராஜம் கிருஷ்ணனின் குறிஞ்சித்தேன் (1963) வெளியாள் எழுதியதுதான். அவர் நீலகிரியில் தங்கி வாழ்ந்தவர், படகர் வாழ்வில் காசு நுழைந்து எதை எதைப் புரட்டியது என்று பார்த்தவர். அவருடைய மலையில் காலம் ஓடுகிறது. ச. பாலமுருகனின் சோளகர் தொட்டி (2004) மனித உரிமை வழக்குகளின் வழியாகப் போன ஒரு வழக்கறிஞர் எழுதியது. அதிரடிப்படையின் சித்திரவதையைச் சாட்சிகளின் வாயிலிருந்து கேட்டவர். முன்னவர் தங்கினார், பின்னவர் கேட்டார். வார இறுதியில் இரண்டுக்கும் நேரமில்லை என்பது உண்மைதான். அப்படியென்றால் இரண்டு நாளில் தெரிந்தது இவ்வளவுதான் என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிற நேர்மையாவது வேண்டும்.

6

கேளம்பாக்கத்திலிருந்து கோவளம் போகிற சாலையில் உப்பளங்கள். சாயங்காலங்களில் கார்கள் ஓரமாக நிற்கும். வெள்ளைக் குவியல், செவ்வானம், தலையில் கூடையோடு ஒரு பெண். படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். ஒருநாள் அந்தப் பெண்களில் ஒருவர் என்னிடம் கேட்டார்: "தெனம் எடுக்கறாங்களே, அந்தப் போட்டோ எல்லாம் எங்க போவுது?"

எனக்குப் பதில் தெரியவில்லை. மலைக்குப் போகிற நண்பர்கள் போகட்டும். திரும்பி வந்து பேனாவை எடுக்கும்போது இந்தக் கேள்வியை எதிரே வைத்துக்கொள்ளட்டும். எழுதியதை அந்த ஊர்க்காரர் ஒருவருக்கு வாசித்துக் காட்ட முடியுமா என்று கேட்டுப் பார்க்கட்டும். வாசிக்கக் கூச்சமாக இருக்கிற வரிகளை அடித்துவிட்டு மீதியைக் கொடுங்கள், பத்திரிகையில் போடலாம்.