தாய்க்கு எத்தனை பிள்ளைகள்?

டப்ளின் நகரத்து வீதியொன்றிலே இரண்டு மாணவர்கள் நடந்து செல்கின்றனர். ஒருவன் அறிவாளி. அரிஸ்டாட்டிலைக் கரைத்துக் குடித்தவன். அழகு என்பது யாதென அரைமணி நேரம் இடைவிடாது விளக்கக் கூடியவன். மதத்தை விட்டு வெளியேறிவிட்டதாக அறிவிக்கிறான். மற்றவன் அவனை வாதத்தால் மடக்க முயலவில்லை. எளியதொரு கேள்வி கேட்கிறான். உன் தாய் பெற்ற பிள்ளைகள் எத்தனை? அறிவாளி தடுமாறுகிறான். ஒன்பதா, பத்தா, திட்டமாகச் சொல்ல அவனால் இயலவில்லை. சில இறந்துவிட்டன என்கிறான், வேறெவர் வீட்டுச் செய்தியோ போல.

ஜேம்ஸ் ஜாய்ஸ் எழுதி 1916-இல் நூலாக வெளிவந்த 'எ போர்ட்ரெய்ட் ஆஃப் தி ஆர்ட்டிஸ்ட் அஸ் எ யங் மேன்' என்னும் நாவலின் இறுதிப் பகுதியிலே வரும் காட்சி இது. கல்லூரியில் இதனை முதலில் படித்தபோது, மதத்தளை அறுத்த இளைஞனின் வெற்றிக் கதை என்றே கொண்டேன், கொண்டாடினேன். நம் தோழர்கள் பலரும் அவ்விதமே கொண்டாடுகின்றனர். இன்று சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்கும் வேலையிலே இருக்கிறேன். மீண்டும் படித்தேன். இம்முறை என் கண்ணில் நின்றவன் ஸ்டீபன் அல்லன். அவனை வளர்த்த வீடு!

கதை தொடங்கும்போது ஸ்டீபன் படுக்கையை நனைக்கும் பருவத்துக் குழந்தை. தந்தை கதை சொல்கிறார். தாய் ஈரம் ஊறாத விரிப்பைப் போடுகிறாள். அவள் மேனியின் மணம் குழந்தைக்கு இனிக்கிறது. வீட்டிலே தங்கியிருக்கும் டான்ட்டி என்னும் பெண்மணி மிட்டாய் தருகிறாள். பெரியவனானதும் பக்கத்து வீட்டு எய்லீனை மணப்பேன் என்கிறது மழலை. மறுகணம் குழந்தை மேசைக்கடியிலே ஒளிந்துகொண்டிருக்கிறது. மன்னிப்புக் கேட்பான் என்கிறாள் தாய். கேளாவிட்டால் கழுகுகள் வந்து கண்களைப் பிடுங்கும் என்கிறாள் டான்ட்டி. குற்றம் இன்னதென்று நூல் விளக்கவில்லை. ஆனால் எய்லீன் புராட்டஸ்டண்டு மதத்தவள் என்பதையும், அவளோடு விளையாடுவதை டான்ட்டி விரும்பவில்லை என்பதையும் பின்வரும் பக்கங்கள் சொல்கின்றன. குற்றம் விளங்கிவிடுகிறது.

அந்த அறையிலே பாதிரியார் உண்டா? பலிபீடம் உண்டா? இல்லை. மிட்டாய் தந்த அதே கைதான் கழுகையும் காட்டுகிறது. நமது மேடைகளிலே மதம் என்றதும் கோயிலை நோக்கியே கைநீட்டுகிறோம். ஜாய்ஸ் தொட்டிலைக் காட்டுகிறார். கழுகு வருமென்று சொன்னவரின் முகம் குழந்தைக்கு அன்பான முகம். ஆகவே கழுகும் மெய்யாகிவிடுகிறது! என் வகுப்பில் 'பூதம்' என்ற சொல்லுக்கே கண்களைப் பொத்திக்கொள்ளும் பிள்ளை உண்டு. எந்தப் பூதத்தையும் அது கண்டதில்லை.

இருந்தும் இந்தக் குழந்தை வெறும் களிமண் அன்று. தேவமாதாவுக்குரிய மன்றாட்டு மாலையிலே தந்தக் கோபுரம் என்றொரு புகழ்ச்சி வருகிறது. ஒரு பெண் எப்படிக் கோபுரமாவாள் என்று புராட்டஸ்டண்டுகள் நகைப்பதுண்டாம். சிறுவன் தானே சிந்திக்கிறான். எய்லீனின் கைகள் வெண்மையாக, நீண்டு, குளிர்ந்து இருந்தன. அதுதான் தந்தம் போலும்! விலக்கப்பட்ட சிறுமியின் கையை வைத்துத் தன் மதத்தின் சொல்லுக்குப் பொருள் காண்கிறான். குழந்தை மனத்தை இவ்வளவு நுணுக்கமாகக் கண்ட எழுத்து அரிது.

நூலின் புகழ்பெற்ற கிறிஸ்துமஸ் விருந்துக்கு வருவோம். வரலாறு சற்றுத் தெரிந்திருக்க வேண்டும். அயர்லாந்தின் தன்னாட்சிக்குப் போராடிய பெருந்தலைவர் பார்னெல். பிறர் மனைவியோடு அவருக்கிருந்த உறவு 1890-இல் மணவிலக்கு வழக்காக அம்பலமேறியது. கத்தோலிக்க மேற்றிராணியார்கள் அவருக்கெதிராக நின்றனர். கட்சி அவ்வாண்டு டிசம்பரிலேயே பிளந்தது. 1891 அக்டோபர் 6-இல், 45 வயதிலே, பார்னெல் இறந்தார். அதன் பின்வந்த கிறிஸ்துமஸ் நாளாகத்தான் இவ்விருந்தைக் கொள்ளவேண்டும்.

அதுவரை தம்பி தங்கையரோடு தனியறையில் உண்ட ஸ்டீபன், அன்றுதான் முதன்முதலாகப் பெரியவர்களின் மேசையில் அமர்கிறான். புதுச் சட்டை. வான்கோழி. செபம் முடிந்ததும் சண்டை மூள்கிறது. ஒருபுறம் தந்தை சைமனும், விடுதலைப் போரில் சிறைசென்று விரல்கள் மடங்கிப்போன கேசியும். மறுபுறம் டான்ட்டி. அவள் நாட்டுப்பற்று இல்லாதவள் அல்லள். ஆங்கில அரசியைப் போற்றும் பாட்டுக்குத் தொப்பியைக் கழற்றிய கனவானைக் குடையால் அடித்தவள்! பார்னெலுக்கென ஒரு பச்சை வெல்வெட்டுத் தூரிகை வைத்திருந்தவள். குருமார் கைகாட்டியதும் அந்த வெல்வெட்டைக் கத்தரிக்கோலால் பிய்த்தெறிந்தாள். நாட்டையும் மதத்தையும் ஒரே நெஞ்சிலே வைத்திருப்போர், இரண்டிலொன்றைப் பிய்த்தெறிய நேரும்போது எதனைப் பிய்ப்பர் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

இறைவனையும் குருமாரையும் இந்த வீட்டில் எப்படி இழித்தார்கள் என்பதைப் பையன் வளர்ந்தபின் நினைவில் வைத்திருப்பான் என்கிறாள் டான்ட்டி. குருமார் பார்னெலை எப்படிக் கொன்றார்கள் என்பதையும் நினைவில் வைத்திருக்கட்டும் என்கிறார் கேசி. ஒரு சிறுவனின் நினைவுக்கு இருபுறமும் இழுபறி! சாப்பிட்டானா என்று கேட்பவர் அங்கே எவருமிலர். இந்நாளிலேனும் வேண்டாமே எனக் கெஞ்சுகிறாள் தாய். அவள் குரல் மேசையிலே மூழ்கிப்போகிறது. முடிவிலே கதவை அறைந்துவிட்டுப் போகிறாள் டான்ட்டி. தம் தலைவனை நினைத்துக் கேசி விம்மி அழுகிறார். தந்தையின் கண்களிலும் நீர். திகைத்துப் பார்க்கிறான் சிறுவன்.

கேசியின் பேச்சுக்கு நம் தோழர் கைதட்டுவர். நானும் தட்டினேன். ஆனால் சைமன் டெடாலஸ் அடுத்துச் செய்வதைக் கவனித்தோமா? மேசையிலே குருமாரைக் கிழித்தெறிந்தவர், செல்வம் கரைந்து மகனுக்குப் பள்ளி தேடும்போது, பிள்ளை இயேசு சபையாரிடமே படிக்கட்டும், வேலை வாங்கித் தரக்கூடியவர்கள் அவர்களே என்கிறார்! இன்னொன்றும் உண்டு; இதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. மூக்குக்கண்ணாடி உடைந்ததால் எழுதாதிருந்த ஸ்டீபனை, சோம்பேறி என்று சொல்லி டோலன் என்னும் குரு கையில் அடித்தார். அச்சிறுவன் அஞ்சியஞ்சித் தலைமைக் குருவின் அறை வரை சென்று முறையிட்டான். அவன் வாழ்வின் முதல் வீரம் அது. பின்னாளில் அதே தலைமைக் குருவைத் தந்தை சந்திக்கிறார். டோலனும் தாமும் அந்த முறையீட்டை எண்ணி எண்ணிச் சிரித்ததாகக் குரு சொல்ல, அதை வீட்டிலே வந்து நடித்துக் காட்டிச் சிரிக்கிறார் சைமன். வாய்வீரம் வேறு, வளர்ப்பு வேறு.

நரகத்தைப் பற்றிய நீண்ட சொற்பொழிவைப் பலர் வியந்து எழுதிவிட்டனர். நான் நீட்டப் போவதில்லை. கழுகுக்குக் கண்மூடிய பிள்ளை நெருப்புக்கு நடுங்காமல் என்ன செய்வான்?

அதைவிட என்னை உலுக்கியது ஓர் அடுக்களை. வாடகை கொடாமையால் வீட்டுக்காரன் விரட்ட, பெற்றோர் வேறு வீடு பார்க்கப் போயிருக்கின்றனர். கோப்பைகள் இல்லை, பழப்பாகு வைத்திருந்த கண்ணாடிக் குடுவைகளிலே தம்பி தங்கையர் தேநீர் குடிக்கின்றனர். அவர்களுக்கு மறுக்கப்பட்ட யாவும் மூத்தவனாகிய தனக்குத் தாராளமாய் வழங்கப்பட்டன என்பதை ஸ்டீபன் உணர்கிறான். உணர்வதோடு சரி. பல்கலைக்கழகம் புகுந்த பிறகும் அவன் கழுத்தைத் தேய்த்துக் கழுவிவிடுபவள் தாய்தான். அடகுச் சீட்டுகள் நிரம்பிய பெட்டி அருகிலே கிடக்கிறது.

இனி, தொடக்கத்திலே சொன்ன உரையாடல். பாஸ்குக் காலத்தில் நற்கருணை பெறும்படி தாய் வேண்டுகிறாள், ஸ்டீபன் மறுக்கிறான். நம்பாததை நம்புவதாக நடிக்கமாட்டேன் என்பது நேர்மையே. அதிலே எனக்குக் கருத்து வேற்றுமை இல்லை. ஆனால் தாயன்பைப் பற்றி நண்பன் கிரான்லி பேசும்போது இவன் தரும் விடை என்ன? பாஸ்கல் தன் தாய் முத்தமிடவும் விடவில்லையாம். புனித அலோசியுசும் அவ்வாறேயாம்! பெண்ணின் தொடுகையே மாசு என்ற துறவிகளின் கருத்தை, மதத்தை உதறியவன் எடுத்தாள்கிறான். நம்பவில்லை எனச் சொல்லும் மதத்திலேயே உன் மனம் ஊறிக் கிடக்கிறது என்று கிரான்லி சொல்வது முற்றிலும் பொருந்தும். இரவில் தாயை முத்தமிடுவாயா என்று கேட்டுப் பள்ளிச் சிறுவர் ஒருநாள் அவனை எள்ளினர். ஆமென்றாலும் சிரித்தனர், இல்லையென்றாலும் சிரித்தனர். அன்று விடை தெரியாது விழித்த பிள்ளை இன்று துறவிகளிடம் விடை கற்றிருக்கிறான்.

கிரான்லியின் வாயிலே அந்தக் கேள்வியை வைத்தவர் ஜாய்ஸ். தன் நாயகனைத் தானே கூண்டிலேற்றும் துணிவு அது. ஆனால் குறை ஒன்றும் சொல்லியாக வேண்டும். நூல் முழுவதும் தாய் வருகிறாள். அவள் மனத்திற்குள்ளே ஒரு வரிகூட நுழையவில்லை. செபம் செய்பவள் என்பதற்கு மேல் அவளை அறிய எழுத்தாளருக்கு விருப்பமில்லை. ஜாய்சின் அன்னை பெற்றவர்களுள் உயிரோடு எஞ்சியோர் பதின்மர். 1903-இல், 44-ஆம் வயதில், அவர் இறந்தார். 1922-இல் வந்த 'யுலிசிஸ்' நூலிலே, மரணப் படுக்கையருகே மண்டியிட மறுத்த நினைவு ஸ்டீபனை விடாமல் வாட்டுகிறது. அங்கும் அவள் வருவது இறந்தவளாகத்தான்.

அத்தனை பிள்ளைகளைப் பெறவேண்டுமா என்று அவளை எவரேனும் கேட்டிருப்பரா? விடுதலை பெற்ற அயர்லாந்து 1935-இல் கருத்தடைப் பொருள்களின் விற்பனையைச் சட்டத்தால் தடுத்தது. 1979-இல் இயற்றிய சட்டந்தான், அதுவும் மருத்துவர் சீட்டின் பேரில், கதவைச் சற்றே திறந்தது. பார்னெலுக்காக அழுத ஆண்கள் நாட்டை மீட்டனர். அடுக்களையை எவரும் மீட்கவில்லை.

நாவலின் கடைசிப் பக்கங்கள் ஸ்டீபனின் நாட்குறிப்பு. அயர்லாந்தை விட்டுப் புறப்படப் போகிறான். தன் இனத்தின் மனச்சான்றையே புதிதாய் வடிக்கப் போவதாகப் பெருமிதம் கொள்கிறான். அதே நாளின் குறிப்பிலே ஒரு சிறு செய்தியும் இருக்கிறது. தாய் அவனுடைய துணிகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருக்கிறாள். புதிதாக வாங்கியவைதாம்; பிறர் உடுத்துக் கழித்த பழைய துணிகள்.