ஏட்டோடு நிற்கும் எச்சரிக்கை

1967 டிசம்பர் 15 மாலை, அமெரிக்காவின் ஒஹையோ ஆற்றின் மீதிருந்த சில்வர் பாலம் வாகன நெரிசலோடு சரிந்து விழுந்தது. 46 பேர் இறந்தார்கள். 1928இல் கட்டப்பட்ட அந்தப் பாலம், துளையுள்ள எஃகுப் பட்டைகளைக் கோத்துச் செய்த சங்கிலியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு பட்டையின் துளையோரத்தில் சுமார் 2.5 மில்லிமீட்டர் ஆழத்துக்கு விழுந்திருந்த விரிசலே காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. கண்ணிக்கு இரண்டே பட்டைகள். ஒன்று அறுந்ததும் பாலம் முழுவதும் போயிற்று.

அந்தச் சாவுகளின் விளைவாக 1971இல் அமெரிக்காவில் தேசியப் பால ஆய்வு விதிகள் வந்தன. பயிற்சி பெற்ற ஆய்வாளர் பொதுவாக இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையாவது பாலத்தைப் பார்க்க வேண்டும். தளம், மேல்கட்டுமானம், அடிக்கட்டுமானம் ஆகியவற்றுக்கு 0 முதல் 9 வரை மதிப்பெண் போட வேண்டும். இந்திய ரயில்வேயிலும் ஆண்டுதோறும் பாலங்களைப் பார்த்துப் பதிவேட்டில் குறிக்கும் வழக்கம் உண்டு. எந்த நாடானாலும் அடிப்படைக் கருவிகள் ஏறக்குறைய ஒன்றே: கண், டார்ச், சுத்தியல், பதிவேடு.

எளிமைதான் இம்முறையின் முதல் பலம். வெள்ளம் வடிந்தபின் தூணடியில் மண் அரித்திருப்பதும், பேரிங் நகராமல் இறுகிப்போயிருப்பதும், சுவரிடுக்கில் ஆலங்கன்று வேர்விட்டிருப்பதும் பழகிய கண்ணுக்குத் தப்புவதில்லை. சுத்தியலால் தட்டும்போது கான்கிரீட் பொத்தென்று ஒலித்தால் உள்ளே அடுக்கு பிரிந்திருக்கிறது என்று பொருள். இன்னொரு பலம் தொடர்ச்சி. ஒரே இடத்தைப் பற்றிய குறிப்புகள் ஆண்டுக்கணக்கில் சேரும்போது, பழுது இருக்கிறது என்பதோடு அது எவ்வளவு வேகமாக வளர்கிறது என்பதும் தெரிந்துவிடும்.

பழைய பாம்பன் ரயில் பாலம் இதற்குச் சான்று. 1914இல் திறந்த அந்தப் பாலம் உப்புக்காற்றில் ஒரு நூற்றாண்டுக்கு மேல் தாக்குப்பிடித்ததற்குக் காரணம், ஓயாத பராமரிப்பு. 2018 டிசம்பரில் தூக்குப் பகுதியில் கோளாறு தெரிந்ததும் ரயில்களை நிறுத்திப் பழுதுபார்த்தார்கள். 2022 டிசம்பரில் அரிப்பு மிஞ்சியபோது போக்குவரத்தையே நிறுத்தினார்கள். 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறக்கும்வரை ராமேஸ்வரத்துக்கு ரயில் இல்லை, பயணிகள் அலைந்தார்கள். ஆனாலும் பாலம் பயணிகளோடு கடலில் விழவில்லை.

இனி குறைகள். கண்ணுக்கு எட்டாத இடத்தை இம்முறை காணாது. சில்வர் பாலத்தின் விரிசல் மூட்டுக்குள் மறைந்திருந்தது. மூட்டைக் கழற்றாமல் அதைப் பார்த்திருக்கவே முடியாது. 2022 அக்டோபர் 30 அன்று 135 உயிர்களைப் பறித்த குஜராத்தின் மோர்பி தொங்குபாலத்தில், ஒரு முதன்மை வடத்தின் 49 கம்பிகளில் 22 முன்பே துருப்பிடித்திருந்ததாகச் சிறப்புப் புலனாய்வுக் குழு கண்டறிந்தது. அதே வடத்தை வைத்துக்கொண்டு தளத்தை மட்டும் புதுப்பித்து, விபத்துக்கு நான்கு நாள் முன்பு பாலத்தைத் திறந்திருந்தார்கள்.

மதிப்பெண்ணும் ஆளுக்கு ஆள் மாறுகிறது. அமெரிக்க நெடுஞ்சாலை நிர்வாகம் 2001இல் வெளியிட்ட ஆய்வில், 49 ஆய்வாளர்களை ஒரே பாலங்களைப் பார்க்கச் சொன்னபோது, ஒரே உறுப்புக்குச் சராசரியாக நான்கைந்து வெவ்வேறு மதிப்பெண்கள் வந்தன. அந்த எண்களை நம்பித்தான் எந்தப் பாலத்துக்கு முதலில் பணம் ஒதுக்குவது என்று முடிவாகிறது.

வரைபடத்தைச் சந்தேகிக்கும் பழக்கமும் இம்முறையில் இல்லை. 2007 ஆகஸ்ட் 1 அன்று மினியாபொலிஸில் ஐ-35 டபிள்யூ பாலம் விழுந்து 13 பேர் இறந்தார்கள். அதன் இணைப்புத் தகடுகள் சில, தேவையான கனத்தில் பாதிதான் இருந்தன. பிழை 1960களின் வடிவமைப்பிலேயே நேர்ந்தது. ஆண்டுதோறும் ஆய்வு நடந்த பாலம் அது. தகடு வளைந்திருப்பது 2003இல் எடுத்த படங்களில் தெளிவாகவே தெரிந்தது. துருவையும் விரிசலையும் தேடிப் போனவர்களுக்கு அந்த வளைவு உறைக்கவில்லை.

இவற்றையெல்லாம்விடப் பெரிய குறை, கண்ட பழுதைச் சரிசெய்ய வைக்கும் வலிமை அறிக்கைக்கு இல்லாததுதான். பிட்ஸ்பர்க் நகரின் ஃபெர்ன் ஹாலோ பாலம் 2022 ஜனவரி 28 அன்று ஒரு பேருந்தோடு விழுந்தது. நல்லவேளையாக யாரும் சாகவில்லை. மேற்பரப்புத் துருவையே காப்பாகக் கொள்ளும் எஃகால் ஆனது அந்தப் பாலம். அந்தக் காப்பு நிலைக்க எஃகு நனைந்து உலர வேண்டும். எப்போதும் ஈரமாகவே கிடந்தால் அரித்துவிடும். வடிகால் அடைத்து, நீரும் குப்பையும் கால்களில் தேங்கின. 2011 முதலே ‘மோசம்’ என்ற தரத்தில் இருந்த பாலம் அது. வடிகாலைச் சுத்தம் செய்யும்படி ஆய்வாளர்கள் திரும்பத் திரும்ப எழுதியும் நகர நிர்வாகம் செய்யவில்லை. ஆய்வாளர்கள் கண்டதற்கும் குறித்ததற்கும் பலன் இல்லாமல் போயிற்று.

இப்போது உணர்கருவிகளும் ட்ரோன்களும் வந்துவிட்டன. மறைவிடங்களைப் பார்க்கவும் மதிப்பீட்டு வேறுபாட்டைக் குறைக்கவும் அவை உதவும், வரவேற்க வேண்டியவைதான். ஆனால் அடைத்த வடிகாலுக்கு வேண்டியது ஒரு மண்வெட்டியும் அதைப் பிடிக்க ஆளும், அந்த ஆளுக்குச் சம்பளமும். அது இல்லாத இடத்தில் கருவி இன்னொரு அறிக்கையைத் தரும், அவ்வளவுதான்.

ரயில்வேயில் ஓர் ஏற்பாடு கவனிக்கத்தக்கது. ரயில்வே பாதுகாப்பு ஆணையர் ரயில்வே அமைச்சகத்தின் கீழ் இல்லை; விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இருக்கிறார். அவர் அனுமதியின்றிப் புதிய பாதையில் பயணிகள் ரயில் ஓடாது. 2024 நவம்பரில் அவர் புதிய பாம்பன் பாலத்தின் திட்டமிடலையும் வடிவமைப்பு நடைமுறையையும் கடுமையாகக் குறை கூறி, வேகக் கட்டுப்பாட்டோடுதான் அனுமதி தந்தார். பாலத்தைக் கட்டும் துறையே அதற்கு நற்சான்றும் கொடுத்துக்கொள்ளும் நிலை அங்கே இல்லை.

சாலைப் பாலங்களுக்கும் அப்படி ஒரு தன்னாட்சி அதிகாரி வேண்டும். ஆபத்தான பாலத்தை மூடும் உரிமை அவருக்கு இருக்க வேண்டும். ஒவ்வொரு குறைக்கும் கெடுவும், பொறுப்பான அலுவலரின் பதவியும் குறித்து, ஆய்வறிக்கைகளை மக்கள் படிக்கும்படி வெளியிட வேண்டும். நாள்தோறும் பாலத்தைக் கடப்பவர்களுக்கு இவற்றைக் கேட்கும் உரிமை உண்டு. கேளுங்கள்.