பிக்கப்பில் மின்சார ஃபேன்: பாணிகளும் அளவுகோல்களும்

பழைய அமெரிக்கப் பிக்கப் வைத்திருப்பவர்கள் நாலு பேர் கூடினால், எஞ்சினோடு சுற்றும் ஃபேனைக் கழற்றிவிட்டு மின்சார ஃபேன் மாட்டலாமா என்ற பேச்சு எப்படியும் வந்துவிடும். இதில் பாணிகள் பல. மூத்த பாணிக்காரர்கள் ஒயரே இழுக்காதவர்கள்.

அவர்களை லேசில் ஒதுக்க முடியாது. எஞ்சினோடு சுற்றும் அவர்களின் கிளட்ச் ஃபேனின் நடுவில் கெட்டியான சிலிக்கான் எண்ணெய். முகப்பில் ஈருலோகச் சுருள். ரேடியேட்டரைத் தாண்டி வரும் காற்று சூடேறினால் சுருள் திரும்பி எண்ணெய்க்கு வழிவிடும், ஃபேன் இறுகிச் சுழலும். ரிலே இல்லை, ஃபியூஸ் இல்லை. செவ்ரோலே 2005இல் சில்வராடோ 1500க்கு மின்சார ஃபேன் கொடுத்தபோதும், கனரக சில்வராடோக்களில் கிளட்ச் ஃபேனையே வைத்துக்கொண்டது. மலைப்பாதையில் டிரெய்லர் இழுக்கும் வண்டியென்றால் நானும் இந்தக் கட்சிதான்.

காயலான் கடைப் பாணியின் மூலவர், ஃபோர்டு டாரஸ் 3.8 லிட்டர் வி6 காரிலிருந்து கழற்றிய ஃபேன். இரண்டு வேகம்; ரேடியேட்டரை மூடும் கூண்டும் கூடவே வரும். கூண்டில்லாத ஃபேன் தன் வட்டத்துக்குள் உள்ள காற்றை மட்டும் இழுக்கும், மூலைகள் சூடாகவே கிடக்கும். ஆனால் டாரஸ் ஃபேன் பெருந்தீனிக்காரன். உயர்வேகத்தில் 30 ஆம்பியருக்கு மேல்; கிளம்பும் கணத்தில் அதைவிடப் பல மடங்கு கேட்கும். சாதாரண 30 ஆம்பியர் ரிலேயில் கொடுத்தால் தொடுமுனைகள் உருகி ஒட்டிக்கொள்ளலாம். பிறகு சாவியை எடுத்தாலும் ஃபேன் நிற்காது. தேர்ந்த கைகள் இதனால்தான் பழைய வோல்வோ கார்களின் இருவேக ரிலேயையும் சேர்த்தே தேடுகின்றன.

பெட்டியோடு வாங்கி மாட்டும் கிட் பாணியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ரேடியேட்டர் தகடுகளுக்கிடையே செருகும் உணர்முனை கூலன்ட்டின் சூட்டை நேராக அறியாது. தகடுகள் ஊடே கோத்துக் கட்டும் பிளாஸ்டிக் பட்டைகள் அதிர்வில் உராய்ந்து குழாயைப் பொத்தலாக்கும்.

எனக்குப் பிடித்தது 1998-2002 கமாரோ வி8இன் பாணி. இரண்டு ஃபேன், மூன்று ரிலே. மெதுவேகத்தில் ஒரு ரிலே மட்டும் இயங்கும், இரண்டு மோட்டாரும் ஒரே தொடரில் நிற்கும்; ஆளுக்குப் பாதி வோல்ட். சூடு ஏறியதும் மற்ற இரண்டு ரிலேக்களும் இயங்க, மோட்டார்கள் பக்க இணைப்புக்கு மாறி முழு வோல்ட் வாங்கும். வேகத்தைக் குறைப்பதற்காக ரெசிஸ்டரில் மின்சாரத்தைச் சூடாக்கி வீணடிக்கும் வேலையே இல்லை. அந்த எஞ்சினைப் பழைய பிக்கப்பில் ஏற்றுகிறவர்கள் இந்த வயரிங்கையும் சேர்த்தே கொண்டுவந்துவிடுகிறார்கள்.

பாணி எதுவானாலும் இலக்கணம் பொது. ரிலேயின் 30, 85, 86, 87 என்ற எண்கள் ஜெர்மனியின் டின் 72552 தரம் தந்தவை. ஒயருக்கு எஸ்ஏஇ ஜே1128: அதில் பிவிசி உறை போட்ட ஜிபிடியை விட, 125 டிகிரி செல்சியஸ் தாங்கும் ஜிஎக்ஸ்எல் எஞ்சின் அறைக்கு ஏற்றது. 3 மீட்டர் நீளத்தில் 40 ஆம்பியர் போனால் 10 கேஜ் ஒயர் சுமார் 0.4 வோல்ட் தின்னும். 14 கேஜ் ஏறக்குறைய 1 வோல்ட். எர்த் ஒயரும் அதே தடிமனில் இருக்க வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஃபியூஸின் இடம் மின்சாரம் புறப்படும் முனை. ஃபேன் பக்கம் வைத்தால் இடையிலுள்ள ஒயருக்குக் காவல் இல்லை. ஈயம் வைப்பதா கிரிம்ப் செய்வதா என்ற சண்டையில் நான் கிரிம்ப் பக்கம். ஈயம் ஒயருக்குள் ஊறி விறைத்த இடத்தின் ஓரத்தில், அதிர்வு இழைகளை அறுக்கும்.

சூட்டுக் கணக்கும் ஒன்று உண்டு. 82 டிகிரியில் திறக்கும் தெர்மோஸ்டாட்டை வைத்துக்கொண்டு, ஃபேன் 80இல் நிற்கும்படி அமைத்தால் அது நிற்கவே நிற்காது.

சாவி சுவிட்சிலிருந்து ஃபேனுக்கு நேராக ஒயர் இழுப்பதை எல்லாப் பாணியும் விலக்குகிறது. சுவிட்ச் அவ்வளவு ஆம்பியர் தாங்காது என்பது ஒரு காரணம். மற்றொன்று, சாவியைத் திருப்பி அணைத்த பிறகும் சுழன்றுகொண்டிருக்கும் ஃபேன் டைனமோவாகி இக்னிஷனுக்கு மின்சாரம் திருப்பி அனுப்பும். எஞ்சின் உடனே நிற்காது. ரிலே வந்தால் அந்த வழி அடைபடும்.

ஆனால் உண்மையான தடை ஆல்டர்னேட்டர்தான். 1970களின் செவ்ரோலே பிக்கப்களில் வந்த டெல்கோ 10எஸ்ஐ வகைகள் 37 முதல் 63 ஆம்பியர் வரை. ஐடிலில் அதுவும் கிடைக்காது. ஃபேன் அதிகம் தேவைப்படுவதோ ஐடிலில்.

அதே காலத்து டாட்ஜ் பிக்கப்பில் சிக்கல் வேறு. ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்குப் போகும் மின்சாரம், தடுப்புச்சுவர் கனெக்டர் வழியே கேபினுக்குள் நுழைந்து, டாஷ்போர்டின் அம்மீட்டரைத் தொட்டு, மறுபடி கனெக்டர் வழியே வெளியே வர வேண்டும். பேட்டரி முனையிலிருந்து ஃபேனுக்கு எடுத்தால் அதன் முழு ஆம்பியரும் இந்தப் பாதையில் ஓடி, பழைய கனெக்டரைக் கருக்கும். விவரம் தெரிந்தவர்கள் ஆல்டர்னேட்டர் போல்ட்டிலிருந்தே எடுக்கிறார்கள். எஞ்சின் நின்றபின் ஃபேன் ஓடினால் பேட்டரி மின்சாரம் அதே பாதையில் எதிர்த்திசையில் ஓடும் என்பதால், ரிலேயின் சுருளைச் சாவியோடு கட்டிவிடுகிறார்கள்.