பேய் இல்லாத பேய்ப்படம்

சமீபத்தில் அடுத்தடுத்து இரண்டு படங்கள் பார்த்தேன். ராகுல் சதாசிவனின் ‘பிரமயுகம்’ (2024) முழுக்கக் கறுப்பு வெள்ளை; பாழடைந்த வீடு, பகடை, மம்முட்டியின் சிரிப்பு. ரசித்துப் பயந்தேன். பி. எஸ். வினோத்ராஜின் ‘கொட்டுக்காளி’யில் (2024) பின்னணி இசை கிடையாது, பேயும் கிடையாது. வேறு சாதிப் பையனை விரும்பிய பெண்ணுக்குப் பேய் பிடித்திருக்கிறதென்று குடும்பமே ஆட்டோவில் கூட்டிப்போகிறது. அவள் அநேகமாக வாயே திறப்பதில்லை.

மண்ணச்சநல்லூர்க்காரனுக்கு இந்தப் பயணம் புதிதல்ல. மனம் பேதலித்தவர்களை 48 நாள் தங்கவைக்கக் குணசீலம் கோயிலுக்கு அழைத்துப்போகிறவர்களைப் பஸ்ஸில் பார்த்து வளர்ந்தவன் நான். நோயாளியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். கூட்டிப்போகிறவர்களின் முகத்தைப் பார்த்ததில்லை. வினோத்ராஜ் பார்க்கவைக்கிறார். ‘பிரமயுக’த்தின் பயம் விளக்குப் போட்டதும் போய்விட்டது. இது வீடுவரை கூடவே வந்தது.