பத்திரிகைக்குள் ஒரு துண்டுச்சீட்டு

கல்யாணப் பத்திரிகையின் பெரிய அட்டை பெரும்பாலும் ஒரே அச்சுதான்: மேலே குலதெய்வம், பிறகு தாத்தா பாட்டி பெயர்கள், முகூர்த்த நேரம், ‘தங்கள் நல்வரவை விரும்பும்’ உறவுப் பட்டியல். வீட்டின் சாமர்த்தியம் தெரிவது உள்ளே செருகும் துண்டுச்சீட்டில்.

சம்பா அறுவடை முடிந்த தை, மாசியில் டெல்டாவில் முகூர்த்தங்கள் நெருக்கியடிக்கும். ஒரே காலையில் இரண்டு கல்யாணத்துக்குப் போகிறவருக்கு வேண்டியது வழி. தஞ்சாவூரிலிருந்து திருவையாறு சுமார் 13 கி.மீ.தான், இடையில் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, கடைசியில் காவிரி. மண்டபம் எந்தப் பாலத்துக்கு இந்தப்புறம் என்று ஒரு வரி போட்டால் வெளியூர்க்காரர் அலையமாட்டார். மயிலாடுதுறை ரயிலில் வருகிறவருக்கு, பாபநாசத்தில் இறங்குவதா சுவாமிமலையிலா என்பதும் அதே சீட்டில் வேண்டும்.

வரவேற்புச் சீட்டு நாசூக்கான சமாச்சாரம். அலுவலக நண்பர்களுக்கு மட்டும் என்று வைத்தாலும், பக்கத்து வீட்டு உறையில் அது இல்லாதது எப்படியோ தெரிந்துவிடும்.

‘மொய் தவிர்க்கவும்’ என்று போடுவதற்குமுன் இன்னும் யோசிக்க வேண்டும். பேராவூரணிப் பக்கம் மொய் விருந்தே தனியாக நடக்கும். நோட்டில் எழுதி, வாங்கியதைத் திருப்பிச் செய்வது அங்கே கடமை. பழைய மொய்யைத் திருப்ப வருகிறவரிடம் வேண்டாம் என்றால் அவர் கடன் கழியாது.

மண்டபத்துக்கு வழிகாட்டும் கியூஆர் கோடு இருக்கட்டும். அதன் பக்கத்திலேயே, கல்யாணத்தன்று போனை எடுக்கக்கூடிய ஒரு சித்தப்பாவின் எண்ணைப் பெரிய எழுத்தில் போடுங்கள்.